தொட்டதில்லை என்று சொன்னேன்

நான் பொய்ச் சத்தியம் செய்தவன்.

வேதப்புத்தகத்தின்மேல் வலக்கையை வைத்து, ஆலயம் நிறைந்த மனிதர்களுக்கு நேராக நின்று, "இதுவரை மது தொட்டதில்லை" என்று சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்... நடுங்கவே இல்லை.

அன்று அங்கே இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டடி தூரத்தில், புத்தகத்தை ஏந்தியபடி எங்கள் சபையை நடத்தும் உபதேசியார் ஞானமுத்து. ஆண்கள் பக்கம் இரண்டாவது பெஞ்சில் என் அப்பா யேசடியான். பெண்கள் பக்கம் அம்மா. அவள் தோளோடு தோள் உரசி என் தங்கை எஸ்தர், பதினெட்டு வயது. அவர்களுக்குப் பின்னால் எங்கள் ரப்பர் தோட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் எல்லாம். அத்தனை பேரும் மரம் சீவிப் பால் எடுத்துப் பிழைக்கிறவர்கள்.

அங்கே இல்லாதவன் ஒருவன். ராஜன். ஈப்போவில், புந்தோங்கில் இருந்த என் பள்ளித் தோழன். அவன் இந்து, எங்கள் ஆலயத்தில் அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் என்னைச் சேர்ந்தவர்களில் அந்தச் சத்தியம் பொய்யென்று தெரிந்தவன் அவன் ஒருவனே. வந்திருந்தாலும் வாய் திறந்திருக்க மாட்டான். அதுவும் எனக்குத் தெரியும்.

உண்மை இதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றரை ஆண்டுக்கு முன், மது அருந்திய நிலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டினேன் என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவன் நான். அதை மறைத்து நான் மனுப் போட்ட வேலை எது தெரியுமா? விமான நிலையத்துக் கோபுரத்தில் உட்கார்ந்து, எந்த விமானம் இறங்கலாம், எது காத்திருக்க வேண்டும் என்று சொல்கிற வேலை. ஒரு சொல் பிசகினால் மேலே இருப்பவர்கள் மண்ணில் விழுவார்கள்... அந்த வேலை!

"இவ்வளவுதானா?" என்கிறீர்களா? சொல்லுங்கள். நான்கு கிளாஸ் பியர், ஒரு பொய், வாலிப வயது என்று நீங்கள் கணக்கை முடித்துவிடுவீர்கள். பலர் என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அந்த "இவ்வளவுதானா"வின் மேல் எனக்கு இருக்கிற கோபம் கொஞ்சமில்லை. பொறுங்கள். இன்னும் நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

எங்கள் தோட்டம் சித்தியவானிலிருந்து செம்மண் பாதையில் ஆறு மைல் உள்ளே. நுழைவிலேயே கள்ளுக்கடை. கம்பெனியே கட்டிக் கொடுத்த கடை. காலையில் சம்பளம் கொடுத்துவிட்டு, சாயங்காலத்துக்குள் அதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ள அதைவிட நல்ல வழி உண்டா? ஆனால் பெயர் கெட்டது கம்பெனிக்கு அல்ல, எங்களுக்கு. "தோட்டத்துப் பையனா? கள்ளு நாத்தம் போகாது" என்று பட்டணத்தில் சொல்வார்கள். மனுவில் முகவரியைப் பார்த்ததுமே ஒதுக்கிவிடுவார்கள் என்று எங்கள் ஆட்கள் நம்பினார்கள்.

அதற்கு உபதேசியார் கண்ட மருந்துதான் அந்தக் கடிதம். தோட்டத்துப் பிள்ளை யார் வெளியே வேலைக்கோ படிப்புக்கோ மனுப் போட்டாலும் நன்னடத்தைக் கடிதம் எழுதித் தருவார். எல்லாக் கடிதத்துக்கும் ஒரே கடைசி வரி: 'இவர் மது தொடாதவர் என்று சபையின் முன் சத்தியம் செய்ததைக் கேட்டு எழுதுகிறேன்.' கேட்காமல் எழுத மாட்டார். ஆராதனை முடிந்ததும் பிள்ளை முன்னால் வர வேண்டும். கை வைக்க வேண்டும். சொல்ல வேண்டும்.

அந்த வரிக்கு வெளியே மதிப்பு இருந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து தாதியர் பயிற்சிக்குப் போன இரண்டு அக்காமார் அந்தக் கடிதத்தோடு போனவர்கள். மின்சார வேலைக்குப் போன ஓர் அண்ணனும் அப்படித்தான்.

தோட்டத்து மேனேஜர் துரை கிளப்பில் விஸ்கி குடித்தார். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி தம் வீட்டு வாசலிலேயே பியர் குடித்தார். அவர்கள் யார் முன்னாலும் எதன் மேலும் கை வைக்கவில்லை. எங்களை மட்டும் ஏன் நிறுத்த வேண்டும்? இது நியாயமான கேள்வி. இன்றைக்கும் சொல்வேன்... நியாயமான கேள்வி. ஆனால் மாட்டிக்கொண்ட பிறகுதான் இதை நான் கேட்டேன். மாட்டிக்கொண்டவன் வாயில் நியாயமான கேள்விகூட நாறுகிறது.

எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவம் படிக்க ஈப்போவுக்கு வந்து, ராஜன் வீட்டில் தங்கினேன். தேர்வு முடிவு ஒரு பகலில் வந்தது. கணிதத்திலும் பௌதிகத்திலும் பள்ளியிலேயே முதல் மூவரில் ஒருவன். ராஜன் பள்ளி வாசலிலேயே என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

"வா மச்சான், ஒரு பியர் போலாம். படிச்சவன் ஆயிட்ட. இன்னும் பச்சப்புள்ள மாதிரி பாலையே குடிச்சிக்கிட்டு இருப்பியா?"

"எங்க சபையில கூடாதுன்னு தெரியும்ல?"

"உங்க சபை சித்தியவான்ல இருக்கு. இது ஈப்போ லா."

முதல் கிளாஸ் கசந்தது. மூன்றாவது கசக்கவில்லை. நான்காவதை நானே கேட்டு வாங்கினேன். பிறகு முடிவைச் சொல்ல குனோங் ராபாட்டில் இருந்த அவன் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டோம். மோட்டார் அவனுடையது. ஆனால் அன்று நான்தான் ராஜா. சாவியை நான் வாங்கிக்கொண்டேன்.

பட்டப்பகல். பாதை காய்ந்து கிடந்தது. எதிரே ஒன்றும் வரவில்லை. பாதையோரம் நின்று சோயாப்பால் விற்றுக்கொண்டிருந்த ஒரு சீனக் கிழவரின் தள்ளுவண்டியில் நேராகப் போய் மோதினேன். காரணம் தேட வேண்டியதில்லை. தார் மேல் வெள்ளையாகப் பால் ஓடியது. அவர் தம் இடது மணிக்கட்டைப் பிடித்தபடி அதன் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

போலீஸ் கொண்டுபோன மருத்துவமனையில் டாக்டர் சிமெண்டுத் தரையில் ஒரு கோட்டைக் காட்டி, அதன் மேல் நடக்கச் சொன்னார். நடந்தேன். மிக நேராக நடந்தேன் என்று பெருமையோடு நின்று திரும்பிப் பார்த்தேன்... கோடு எனக்கு வெகு தூரத்தில் இருந்தது.

அபராதம், ஓர் ஆண்டுக்கு லைசென்ஸ் பறிப்பு. நீதிமன்றத்தில் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்தபோது அந்தக் கிழவர் மணிக்கட்டில் கட்டோடு வராந்தாவில் நின்றார். என்னைப் பார்த்து மலாயில், "பள்ளிக்கூடத்துப் பையன், பாவம்" என்றார். பாவமாம்! திட்டியிருக்கக் கூடாதா அந்த மனிதர்? ஓர் அறை விட்டிருந்தால் நான் ஒருவேளை வேறு மாதிரி ஆகியிருப்பேன். எல்லாரும் என்னைப் பார்த்துப் பாவப்பட்டார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது.

வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'தேர்ச்சி பெற்றேன். வேலை தேடுகிறேன்.' இரண்டும் உண்மை.

ஒன்றரை ஆண்டு ஓர் இரும்புச் சாமான் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எஸ்தர் பத்திரிகையிலிருந்து ஒரு விளம்பரத்தை வெட்டி அனுப்பினாள். ஓரத்தில் அவள் கையெழுத்து: 'அண்ணே, கணக்கும் பௌதிகமும் கேட்கிறார்கள். இது உனக்காகவே போட்டது.'

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. நீதிமன்றத்தில் எப்போதாவது தண்டிக்கப்பட்டது உண்டா? உண்டு, இல்லை என்று இரண்டு கட்டங்கள். உண்டு என்றால் விவரம் எழுத மூன்று வரி இடம். எனக்கு ஒன்றரை வரி போதும்.

ராஜன் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "உண்டுன்னு போட்டா, கவரத் தொறந்தவன் நேரா குப்பையிலதான் போடுவான். இல்லைன்னு போடு."

"தேடிக் கண்டுபிடிச்சா?"

"எவன் தேடுவான்? கோர்ட்டு ஃபைல இந்நேரம் கரையான் படிச்சி முடிச்சிருக்கும் லா."

சிரித்தேன். இல்லை என்ற கட்டத்தில் கோடு போட்டேன். ராஜன் மேல் பழி போடப் போவதில்லை. பேனா என் கையில் இருந்தது.

அடுத்த ஞாயிறு தோட்டத்துக்குப் போய்ச் சத்தியம் செய்தேன். அதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. இதுவரை இதை நான் எங்கும் எழுதியதில்லை.

ஆராதனைக்குப் பிறகு, ஆலயத்தின் பின்னறையில் உபதேசியார் தமிழில் கடிதத்தை எழுதினார். அவருக்கு மலாய் பேசத் தெரியும், படிக்க வராது. படித்த பிள்ளை யாராவது மலாயில் பெயர்த்துக் கொடுக்க, அவர் கையெழுத்திட்டு முத்திரை குத்துவார்.

"உன் கடுதாசிய நீயே மலாய்ல போட்டுரு தம்பி. உன் அளவுக்கு இங்க யாரு இருக்கா?"

நான் எழுதினேன். கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றது. 'சபையின் முன் சத்தியம் செய்ததைக் கேட்டு எழுதுகிறேன்.' பார்த்தீர்களா, அந்த வரியில் பொய் சொன்னால் பொய் சொன்னவன் பிள்ளைதான். எழுதியவர் கேட்டவர் மட்டுமே. அந்த மனிதர் தமக்கென்று ஒரு சின்ன வேலி போட்டு வைத்திருந்தார். எனக்கு அந்த வரி பட்டிக்காட்டுத்தனமாகத் தெரிந்தது. சபையாம், சத்தியமாம்... பெரிய இலாகாவில் சிரிப்பார்களே! அதை அடியோடு விட்டுவிட்டு, மலாயில் இப்படி எழுதினேன்: 'இவர் வாழ்நாளில் ஒருபோதும் மது தொட்டதில்லை என்பதை நான் நேரடியாக அறிவேன். அதற்கு நானே முழுப் பொறுப்பு.'

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். தாளைப் பார்க்கவில்லை.

எழுத்துத் தேர்வில் தேறினேன். கண், காது, இருதயம் எல்லாம் பார்த்தார்கள். நேர்முகத்தில் மூன்று பேர். ஒருவர் கடிதத்தைத் தூக்கிப் பிடித்து, "கிறிஸ்மஸுக்குக்கூடக் கிடையாதா?" என்று சிரித்தார். "கிடையாது துவான்" என்று மலாய் மரியாதைச் சொல்லோடு சொன்னேன். மூவரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது!

போலீஸ் விசாரணை முடிந்ததும் பயிற்சிக்கு அழைப்போம் என்று கடிதம் வந்தது. அப்பா அதை லயம் லயமாகக் கொண்டு போய்க் காட்டினார்.

"இனிமே என் மவன் சொன்னாத்தான் ஏரோப்ளேன் எறங்கும்."

"எங்க வூட்டுக் கூரை மேல எறக்கிறாமப் பாத்துக்கச் சொல்லு, யேசடியான்" என்றாராம் தண்டல். தண்டல் என்றால் எங்கள் தோட்டத்தில் வேலை வாங்குகிற மேஸ்திரி. அவர் யாரோடும் சிரித்துப் பேசாதவர். அன்று சிரித்தார் என்று அம்மா எழுதச் சொல்லி எஸ்தர் எழுதியிருந்தாள்.

ஆறாவது வாரம் என்னை மீண்டும் கூப்பிட்டார்கள். இந்த முறை ஒரே ஓர் அதிகாரி. மெலிந்த, நரைத்த மலாய்க்காரர். பல காலம் கோபுரத்திலேயே இருந்தவர் என்று வெளியே இருந்த எழுத்தர் சொன்னார். ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். என் அடையாள அட்டை எண், என் பெயர், என் குற்றம். கரையான் ஒன்றையும் படித்திருக்கவில்லை.

"இது நீயா?"

"ஆமாம் துவான்."

"பிறகு ஏன் இல்லை என்று போட்டாய்?"

"பயம்."

அவர் கோபப்படவில்லை. "கோபுரத்தில் எல்லாருக்கும் தப்பு வரும். எனக்கும் வந்திருக்கிறது. வந்த அந்த வினாடியே, தப்பு செய்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்கிறவன்தான் எனக்கு வேண்டும். யோசித்துவிட்டுச் சொல்கிறவன்கூட வேண்டாம். அதற்குள் விமானம் வந்துவிடும்."

நான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்... கேட்டேன். "உண்டு என்று போட்டிருந்தால் எடுத்திருப்பீர்களா?"

அந்தத் தாளைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். "தெரியாது. என்ன நடந்தது என்று கேட்டிருப்போம்."

கேட்டிருப்போம்! எத்தனை ஆண்டுகளாக அந்தச் சொல்லோடு சண்டை போடுகிறேன்! எளிதாகச் சொல்லிவிட்டார். தோட்டத்து முகவரி, குடித்து ஓட்டிய குற்றம், இரண்டும் ஒரே தாளில் இருந்தால் எந்த நாற்காலி என்னிடம் என்ன நடந்தது என்று கேட்டிருக்கும்? யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று ஒரு நாள் நினைப்பேன். நெஞ்சு கொஞ்சம் ஆறும். அவர் உண்மையாகவே கேட்டிருப்பார் என்று மறுநாள் தோன்றும். அந்த முகம் கேட்கிற முகம்தான். அன்றைக்கெல்லாம் சோறு இறங்காது.

எழுந்தபோது அவர் ஒன்று சொன்னார். "கடிதம் கொடுத்தவருக்கும் எழுதுவோம். பொறுப்பு ஏற்றிருக்கிறாரே."

அந்த நிமிடமே பேருந்து ஏறி அவரிடம் போயிருக்க வேண்டும். இலாகாவின் கடிதம் போய்ச் சேர்வதற்குள் என் வாயால் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? புந்தோங்கில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டேன். பத்து நாள். ராஜனின் அம்மா எனக்குக் காய்ச்சல் என்று கஞ்சி வைத்தார்.

நான் போகவில்லை, கடிதம் போனது. மலாயில் இருந்த அதை உபதேசியார் யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார் தெரியுமா? எஸ்தரிடம். இப்போது லயத்தில் நன்றாக மலாய் படித்தவள் அவள்தானே.

அவள் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்லியிருக்கிறாள். என் பெயர் வந்தது. குற்றம் வந்தது. நிறுத்திவிட்டாள்.

"படிம்மா" என்றிருக்கிறார்.

"வேணாம் ஐயா."

"எனக்கு வந்த கடுதாசி. படி."

அவள் படித்தாள். 'நேரடியாக அறிவேன், நானே முழுப் பொறுப்பு என்று தாங்கள் எழுதியிருப்பதால்...' என்ற இடத்தில் அவர் கையைக் காட்டி நிறுத்தினாராம். "நான் அப்படி எழுதலையே." பிறகு அவரே மேசையைத் திறந்து, நான் எழுதிய மலாய்க் கடிதத்தின் கார்பன் நகலை எடுத்துக் கொடுத்தார். எஸ்தர் பார்த்தாள். என் எழுத்தை அவளுக்குத் தெரியாதா? சின்ன வயதில் அவள் விரலைப் பிடித்து எழுதப் பழக்கியவன் நான்.

அந்த ஞாயிறு உபதேசியார் பிரசங்கம் செய்யவில்லை. நான் நின்ற இடத்தில் வந்து நின்று, "ஒரு பிள்ளைக்கு நான் பொறுப்பேத்துக் கடுதாசி குடுத்தேன். தீர விசாரிக்காமக் குடுத்தேன். அது பொய்யாப் போச்சு. தப்பு என் பேர்ல. இனி என் கையெழுத்து யாருக்கும் பிரயோசனப்படாது" என்றார். வரியை மாற்றியது யார் என்று சொல்லவில்லை. ஒரு சொல்கூட!

பதினோராம் நாள் வீட்டுக்குப் போனேன். அப்பா வாசலில் ரப்பர் மரம் சீவுகிற சீவுளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். என் அப்பா ஒரு காலத்தில் கள்ளுக்கடையே கதியென்று கிடந்தவர். நான் இடைநிலைப் பள்ளியில் சேர்ந்த அன்று விட்டவர். தலை நிமிராமலே பேசினார்.

"நானும் குடிச்சவன்தான்டா. சாக்கட மோரியில விழுந்து கெடந்தேன். ஊரே பாத்துச்சி. ஒருத்தன் கையெழுத்துக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டு நான் குடிக்கல."

அவருக்கு வரி மாறிய கதை தெரியாது. தெரியாமலே சரியான இடத்தில் அடித்தார்.

அன்றே ஈப்போவுக்குத் திரும்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து எஸ்தர் அங்கே வந்தாள். தனியாக அவ்வளவு தூரம் வந்தது அதுதான் முதல் தடவை. கடை வாசலில், ஆணிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பேசினாள்.

"அண்ணே, கடைசி வரிய நீதான மாத்துன?"

"ஆமா."

"அவருக்குத் தெரியும்."

"அப்பறம் ஏன் சபையில சொல்லல?"

"நானும் கேட்டேன். 'ஒரு தப்புக்கு அவன் வேலை போச்சு. ரெண்டாவதுக்கு என்னா போவும்னு எனக்குத் தெரியலம்மா'ங்கிறாரு."

நான் சிதறிக் கிடந்த ஆணிகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டேன். அவள் தொடர்ந்தாள்.

"தாதியர் பயிற்சிக்கு நான் மனுப் போடணும். மூணு வாரம் இருக்கு. கடுதாசி வேணும். அவரு தர மாட்டேங்கிறாரு. 'அந்தக் கவர்மெண்டு ஆபீசுல என் பேரு இப்பக் கெட்டுக் கெடக்கு, அது உன்கூட வந்தா உனக்குத்தான் கேடு'ங்கிறாரு. கிராணிகிட்டக் கேட்டேன். 'ஏரோப்ளேன்காரன் தங்கச்சியா'ன்னு சிரிக்கிறாரு."

"நான் என்னா செய்யணும்?"

"வந்து சபையில சொல்லு. அவரு எழுதினது வேற, நான் மாத்தினது வேறன்னு சொல்லு. அவரு எழுதின தமிழ்க் கடுதாசி இன்னும் இருக்கு. அதையும் வெச்சி ஆபீசுக்கு நான் மலாய்ல எழுதுறேன். அவரு பேரு சுத்தமாயிரும். மறுபடி எழுதுவாரு. நீ நாலு வரி பேசினாப் போதும் அண்ணே."

"வாரேன்" என்றேன். "இந்த ஞாயிறே வாரேன்."

இதுதான் நான் சொல்ல வந்தது. பியர் அல்ல. மோட்டார் அல்ல. அந்தக் கட்டம்கூட அல்ல.

நான் போகவில்லை.

முதல் ஞாயிறு பேருந்து நிலையம் வரை போனேன். சித்தியவான் பேருந்து வந்து நின்று, ஆள் ஏற்றி, போயிற்று. இரண்டாம் ஞாயிறு அதுவும் இல்லை. மூன்றாம் ஞாயிறு, காய்ச்சல் என்று நானே சொல்லிவிட்டேன். என்ன பயம் எனக்கு? வேலையா? அது போய்விட்டது. சட்டமா? யாரும் என்னைத் தேடவில்லை. அப்பா அந்த இரண்டாவது பெஞ்சில் இருப்பார்... அவ்வளவுதான். குடித்தவன் என்று அவருக்குத் தெரியும். படித்த படிப்பை வைத்து, படிக்கத் தெரியாத மனிதரை ஏமாற்றியவன் என்றும் தெரிய வேண்டுமா? தோட்டம் முழுக்க வியர்வை சிந்தி எனக்குக் கொடுத்த ஒரே சொத்து மலாய் எழுத்து. அதை நான் முதன்முதலாக எதற்குப் பயன்படுத்தினேன் என்று அந்த ஐம்பது பேருக்கும் தெரிய வேண்டுமா?

வேண்டும். தெரிந்திருக்க வேண்டும்! எனக்குப் பாவம் பார்த்த ஒவ்வொருவர் மேலும் கோபம் வருகிறது. அந்தச் சோயாப்பால் கிழவர் மேல், ராஜன் மேல், கஞ்சி வைத்த அவன் அம்மா மேல், எல்லாரையும்விட உபதேசியார் மேல். ஏன் என்னைக் காப்பாற்றினீர்கள் ஐயா? கழுத்தைப் பிடித்து இழுத்துப் போய் அந்தப் பெஞ்சுகளுக்கு முன்னால் நிறுத்தியிருக்கலாமே? உங்கள் பெருந்தன்மை என்னை இன்னும் கோழையாக்கியது. உங்களுக்கு அது தெரியவில்லையா?

இப்படித்தான் என் கோபம் எப்போதும் ஊரெல்லாம் சுற்றும். அவர்கள் யாரும் அந்தப் பேருந்தில் ஏறாமல் நின்றவர்கள் அல்லர். நின்றவன் நான்.

இப்போது 1987. குனோங் ராபாட்டில் ஒரு வரிசை வீட்டில் குடியிருக்கிறேன். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிறேன். இரண்டு ஆண்டுக்கு முன் தோட்டம் விற்கப்பட்டது. ஆலயத்தைப் பூட்டிவிட்டார்கள். உபதேசியார் தைப்பிங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். பேருந்தில் இரண்டு மணி நேரம். உயிரோடு இருக்கிறார், காதும் நன்றாகக் கேட்கிறதாம். நான் இன்னும் போகவில்லை. உங்களிடம் சொல்வது எளிது. நீங்கள் அந்தப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்கள் இல்லை. அதனால் நீங்கள் என்னை மன்னித்தாலும் செல்லாது. தயவு செய்து மன்னிக்காதீர்கள்.

அவர் கடிதத்தை நிறுத்திய நாளிலிருந்து தோட்டம் விற்கப்பட்ட நாள் வரை, கேட்டுப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்கள் யார் யார் என்று எஸ்தரிடம் ஒருமுறை கேட்டேன். அவள் யோசிக்கக்கூட இல்லை.

தேவசகாயம், ரயில்வேக்கு மனுப் போட இருந்தவன். இப்போது பலகை ஆலையில். அவன் தம்பி சாமுவேல், அதே ஆலையில். ரோசலின், தாதியர் பயிற்சிக்குக் கேட்டவள். பத்தொன்பது வயதில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். தண்டலின் மகன் பாக்கியநாதன். எங்கே இருக்கிறான் என்று வீட்டுக்கே தெரியாது. ஆசிரியர் பயிற்சிக்குக் கேட்ட மேரி, துணிக்கடையில் நிற்கிறாள். கடிதம் இருந்திருந்தால் எல்லாருக்கும் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. கேட்டிருப்பார்கள்... அவ்வளவாவது நடந்திருக்கும்.

"அஞ்சு பேரா?" என்றேன்.

எஸ்தர் ரப்பர்க் கையுறைத் தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தலைத்துணியைக் கட்டியபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னையும் சேத்து ஆறு அண்ணே."